முதலில் வணங்குபவர் யார்?

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில், தேனி மாவட்ட வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



இம்முகாமில் நேற்றுத் தொட்டுப் பல பொருள்களைப் பற்றிப் பேசிவிட்டோம். குடிநீர்க் குழாய், வீட்டு வரி, கணக்கு ஏடுகள், தெருவிளக்கு ஆகிய யாவும் வந்து போயின. இன்று காலை நமக்குக் கொடுக்கப்பட்டுள்ள பொருளோ மதிப்பீட்டுக்கும் ஒப்பந்தப் புள்ளிக்கும் அடங்குவதன்று. ஓரிடத்தில் சேர்ந்து பணிபுரிவோர் ஒருவரையொருவர் எவ்வாறு முகமலர்ந்து வரவேற்றுக்கொள்வது என்பதே அது. இதைக் கேட்டவுடன் சிலருடைய முகத்தில் புன்னகை அரும்புவதைக் காண்கிறோம். "இதற்கும் ஒரு பயிற்சியா?" என்று எண்ணுகிறீர்கள் போலும். ஓர் ஊரில் பதினொரு நாள் தண்ணீர் நின்ற கதையைச் சொன்னால் இதற்கும் பயிற்சி வேண்டும் என்றே நீங்கள் சொல்லக்கூடும்.

1994 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் உங்களுக்குத் தெரிந்ததே. கிராம ஊராட்சித் தலைவரை ஊர் மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கின்றனர். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தம்முள்ளிருந்து தேர்ந்தெடுக்கின்றனர். ஊராட்சி நிதியிலிருந்து காசோலை வழங்குவதற்கு இவ்விருவரின் கையொப்பமும் வேண்டும். ஒருவர் தவறினால் மற்றவர் தடுக்கட்டும் என்ற நல்ல நோக்கத்துடன் செய்யப்பட்ட ஏற்பாடு இது. ஆயின், இருவரும் முகம் பார்த்துப் பேசாதவர்களாக இருப்பின் என்ன ஆகும்?

நாம் அறிந்த ஓர் ஊராட்சியில் அதுதான் நடந்தது. ஊரின் பெயர் வேண்டா. தலைவர் உழைப்பாளி. துணைத் தலைவரோ கணக்கில் கெட்டிக்காரர். இருவர் மீதும் பணத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. எனினும், இரண்டு கையொப்பம் வேண்டிய ஒவ்வொரு தாளையும் செயலர் ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டிற்குத் தபால்காரரைப் போலச் சுமந்து திரிந்தார். சில தாள்கள் திரும்பின, சில திரும்பவில்லை. ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் காயில் எரிந்து போயிற்று. முந்தைய முறை காயில் கட்டிய கூலியே இன்னும் வரவில்லை என்று மெக்கானிக் வர மறுத்தார். தொட்டி இயக்குபவருக்கோ இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. பதினொரு நாள் பெண்கள் குடங்களுடன் தோட்டத்துக் கிணறுகளுக்கு நடந்தனர். வங்கியில் பணம் இருந்தது என்பதே இதில் வேதனை.

இருவரையும் ஓர் அறையில் அமர்த்திக் காரணம் கேட்டோம். நெடுநேரம் நிதி, தீர்மானம், விதி என்றே பேசினார்கள். கடைசியில் துணைத் தலைவர் சொன்னார்: "கல்யாண வீட்டுல நேருக்கு நேரா வந்தும், பாத்தும் பாக்காத மாதிரி போனாருங்கய்யா." தலைவர் திகைத்துப் போனார். அன்று பந்திக்கு விறகு தீர்ந்துவிட்டது என்று ஓடிக்கொண்டிருந்தாராம். அவர் கண்ணில் யாருமே படவில்லையாம். உண்மை எதுவாயினும் ஆகுக. ஒரு தலையசைப்பு இல்லாமற் போனதற்கு ஊர் கொடுத்த விலை பதினொரு நாள் தண்ணீர்.

அன்பர்களே! நம் மக்களுக்கு முகமன் கூறத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. ஆங்கிலேயர் காலையில் சந்தித்தால் பொழுதைப் பற்றிப் பேசுவர். நாமோ வயிற்றைப் பற்றிக் கேட்போம். "சாப்பிட்டாச்சா?" என்பதே நம் பக்கத்து வணக்கம். புறப்பட்டு வருகிறவரை "எங்கே?" என்று நேராகக் கேட்டால் சகுனம் பிசகும் என்று கருதி, "தூரமா?" என்று கேட்கும் நயமும் நம்மவருடையதே. கம்பம், உத்தமபாளையம் பக்கங்களில் இசுலாமியரும் இந்துக்களும் "மாமா", "மாப்பிள்ளை" என்று முறை வைத்து அழைத்துக்கொள்வதை யாவரும் கேட்டிருப்பீர்கள். பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை. ஆயினும் முறை உண்டு. இது நம் பள்ளத்தாக்கின் பெருஞ்செல்வம்.

விடியுமுன் ஏலத் தோட்டங்களுக்குப் புறப்படும் ஜீப்புகளைப் பாருங்கள். போடி, தேவாரம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களிலிருந்து போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்திற்கு நாள்தோறும் வேலைக்குச் செல்லும் பெண்கள் அவற்றில் இருப்பர். கையில் தூக்குவாளி, தலையில் துண்டு. "மதினி, நேத்து ஏன் வரல?", "அக்கா, மகளுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்ற கேள்விகளுடன்தான் ஜீப் நகரும். ஒருத்தி வரவில்லையென்றால் காரணம் என்ன என்று மாலைக்குள் யாராவது அவள் வீட்டு வாசலில் நிற்பார்கள். மலைச்சரிவில் மழையில் அட்டைக்கடியுடன் காய் எடுக்கும் வேலை அது. தனியாகச் செய்ய இயலாது. அவர்களுக்கு இவ்வித முகாம் எதையும் எவரும் நடத்தவில்லை.

அப்படியாயின் அதே ஊரின் ஊராட்சி அலுவலகத்திற்குள் நுழைந்தவுடன் இந்தப் பழக்கம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது? இதுவே நம் கேள்வி.

ஒரு காரணம், நாம் வணக்கத்திற்கும் மொய் நோட்டு எழுதுகிறோம். விசேட வீட்டில் யார் எவ்வளவு செய்தார் என்று எழுதி வைத்துத் திருப்பிச் செய்வது நம் மாவட்டத்து வழக்கம், அதில் பிழையில்லை. ஆனால், "போன திங்கட்கிழமை நான்தான் முதலில் வணக்கம் சொன்னேன், அவர் இன்னும் திருப்பவில்லை" என்று மனத்துக்குள் பற்று வரவு வைப்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். இவர்களில் படித்தவர்களே மிகுதி.

மற்றொரு காரணம் பெரியது. கீழிருப்பவர்தான் முதலில் வணங்க வேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். இது எங்கிருந்து வந்தது? தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "கும்பிடுறேன் சாமி" என்று ஒருவர் குனிந்து நிற்க, மற்றவர் திண்ணையில் சாய்ந்தபடி ஒரு "ம்" போட்ட காலத்திலிருந்து வந்தது. அந்தக் கும்பிடுக்கு மறு கும்பிடு கிடையாது. தமிழியக்கத்தாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் "வணக்கம்" என்ற சொல்லை மேடைதோறும் பரப்பியதன் அருமை இங்குதான் விளங்குகிறது. வணக்கம் என்பதற்கு விடை வணக்கமே. தலைவர் சொன்னாலும் தூய்மைப் பணியாளர் சொன்னாலும் அதே சொல், அதே கூப்பிய கை. இவ்வளவு எளிதாகச் சமத்துவத்தை வாயில் வைத்துத் தரும் சொல் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதை நாம் விழா மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

இதைச் சொல்லும்போது சாதியைப் பற்றிப் பேசாமல் நகர்ந்தால் உண்மை பேசியதாகாது. ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அப்பால், உசிலம்பட்டிப் பக்கத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்ற ஊர்கள் இருக்கின்றன. 1996 இல் அவ்வூர்களின் தலைவர் பதவி ஆதிதிராவிடர்க்கு ஒதுக்கப்பட்டது. அது தொட்டுப் பத்தாண்டுகள் அங்கே முறையான ஊராட்சித் தலைவர் இல்லை. வேட்பு மனு வராது. வந்து வென்றாலும் உடனே விலகல் கடிதம் வந்துவிடும். 2006 இல்தான் தேர்தல் நடந்து, தலைவர்கள் பதவியில் நிலைத்து அமர்ந்தார்கள். அரசு அதைச் சமத்துவப் பெருவிழாவாகவே கொண்டாடிற்று. 2021 அக்டோபர் 2 ஆம் நாள் முதலமைச்சரே பாப்பாபட்டி கிராம சபையில் வந்து அமர்ந்தார். ஒரு காலத்தில் நாற்காலியே காலியாகக் கிடந்த ஊர் அது.

நாற்காலியில் அமர்ந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் தலைவராய்த் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பெண்மணி, ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் அமர்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலிகளில் இருந்த படம் 2020 அக்டோபரில் நாடெங்கும் பரவியது. அவர் ஆதிதிராவிடர். செயலர் தற்காலிகமாகப் பணிநீக்கம் செய்யப்பட்டார், வழக்கும் பதிவாயிற்று. 2022 ஆகஸ்டில், விடுதலை நாளுக்கு முன்னர், தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. ஊராட்சித் தலைவர்கள் சாதி வேறுபாடின்றிக் கொடியேற்றுவதை உறுதி செய்யுமாறு அதில் கேட்டிருந்தார். எழுந்து நின்று, "வாங்க, உட்காருங்க" என்ற இரண்டு சொற்களைச் சொல்ல ஊரில் ஆளிருந்தால், இதற்கு ஓர் அரசுக் கடிதம் எதற்கு?

தீண்டாமையை அரசியலமைப்பின் 17 ஆம் பிரிவு ஒழித்தது. இழிவுபடுத்தலுக்குத் தண்டனை தரும் சட்டங்களும் உண்டு. சட்டம் அவமதிப்பைத் தண்டிக்கும், மரியாதையை ஊட்டாது. சட்டம் கையை நீட்ட முடியாத சிறிய இடங்கள் அலுவலகத்தில் அநேகம் இருக்கின்றன. வயதில் மூத்த தூய்மைக் காவலரை இளைஞரான உறுப்பினர் "ஏ, இங்க வா" என்று அழைக்கிறார். தேநீர் வரும்போது ஒருவருக்கு மட்டும் காகிதக் குவளை வருகிறது. பெண் தலைவர் நாற்காலியில் இருக்க, வருகிறவர்கள் யாவரும் அவருடைய கணவரைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு அவரிடமே மனுவைக் கொடுக்கிறார்கள். இதில் கடைசியாகச் சொன்னது அலுவலர்களாகிய நம்மிடையேயும் இருக்கும் வழக்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தலைவரிடம் மனுவைக் கொடுங்கள். கணவருக்கு வணக்கம் மட்டும் போதும்.

பெயர் மாற்றமும் வேண்டியதே. "துப்புரவுப் பணியாளர்" என்பதை 2020 இல் அரசு "தூய்மைப் பணியாளர்" என மாற்றியது. நல்லது. ஆனால் பதிவேட்டில் தூய்மைப் பணியாளராகவும், தெருவில் "ஏய்" ஆகவும் இருக்கும் நிலை எத்தனை நாளைக்கு? அவருக்குத் தாய் தந்தையர் இட்ட பெயர் ஒன்று இருக்கிறது. அதனுடன் ஓர் "அம்மா"வோ ஓர் "ஐயா"வோ சேர்த்தால் நாக்குத் தேய்ந்துவிடாது.

நவம்பர் 1 உள்ளாட்சி நாளென்று 2022 முதல் கொண்டாடி வருகிறோம். அன்றைய கிராம சபையில் சிறந்த பணியாளருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், படமும் எடுக்கிறோம். வேண்டாமென்று சொல்லவில்லை. ஆயினும், ஆண்டில் ஒரு நாள் கழுத்தில் விழும் துணியைக் காட்டிலும் முந்நூறு நாள் காலையில் காதில் விழும் ஒரு சொல்லையே நாம் பெரிதாக எண்ணுவோம்.

முல்லைப் பெரியாற்று நீரை உண்டு வாழும் நமக்கு நன்றியுணர்வைக் கற்றுத்தர வேண்டியதில்லை. 1887 இல் தொடங்கி 1895 இல் திறக்கப்பட்ட அணை அது. அதைக் கட்டிய கர்னல் பென்னிகுவிக்கின் பிறந்த நாளான ஜனவரி 15 அன்று நம் ஊர்களில் பொங்கல் வைக்கிறோம். பிள்ளைகளுக்கு அவர் பெயரை இடுகிறோம். லோயர் கேம்பில் 2013 இல் மணிமண்டபமும் திறந்தாயிற்று. கடல் கடந்து வந்து போனவரை இத்தனை ஆண்டுக்குப் பின்னும் கைகூப்பி நினைக்கும் மக்கள் உலகில் எத்தனை பேர் இருப்பர்? ஆனால் அதே ஆற்றுக் கால்வாயில் நள்ளிரவில் ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கரின் பெயர் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கையுயர்த்த வேண்டா, தண்ணீர் குறைந்த நாளில் அவரைத் திட்டுவதற்கு மட்டும் பெயர் தேடாதிருந்தால் போதும். பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்திற்கும் தண்ணீர் ஒரு மனிதர் கையைக் கடந்தே வருகிறது. ஜூன் முதல் நாள் தண்ணீர் திறப்பதே வழக்கம். மழை பொய்த்த ஆண்டில் தள்ளிப்போகும். அவ்வாண்டுகளில்தான் தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் இடையே சொல் முறிகிறது. வாய்க்கால் வெட்டும் நாளில் "வாங்க மாமா" என்று அழைத்துப் பழகியவர்கள் முறைப்பாசன நாளில் மண்வெட்டியைத் தூக்குவது அரிது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஒரு சிற்றூரில் அரசுப் பணி செய்வோர் யார் யார்? கிராம நிர்வாக அலுவலர் வருவாய்த் துறையைச் சேர்ந்தவர். செவிலியர் சுகாதாரத் துறை. ஆசிரியர் கல்வித் துறை. அங்கன்வாடிப் பணியாளருக்கு வேறு துறை. கால்நடை மருத்துவருக்கு வேறு. இவர்களில் ஒருவரும் ஊராட்சித் தலைவருக்குக் கீழ்ப்பட்டவரல்லர். தலைவரும் இவர்களுக்குக் கீழ்ப்பட்டவரல்லர். ஆணையிட்டு வாங்க முடியாத வேலையை அன்பால்தான் வாங்க வேண்டும். 1952 அக்டோபர் 2 இல் சமுதாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கியபோது இத்தனை துறைகளின் செய்தியையும் ஒருவரே கொண்டு செல்லட்டும் என்றுதான் கிராம சேவகரை ஏற்படுத்தினர். அக்காலக் கிராம சேவகர் திண்ணையில் அமர்ந்து, மாடு கன்று போட்டதா, மகன் பள்ளிக்குப் போகிறானா என்று கேட்டு முடித்த பிறகே இரசாயன உரத்தைப் பற்றி வாய் திறப்பார் என்று மூத்தோர் சொல்வர். இன்று செய்தி கைப்பேசியில் ஒரு நொடியில் போய்விடுகிறது. திண்ணைதான் போகவில்லை. குழுவில் காலைதோறும் பூப்படம் போட்டு வணக்கம் அனுப்புபவர், அலுவலக வாசலில் நேரில் வந்தவரைக் காணாமல் கைப்பேசியைப் பார்த்தபடி நடக்கிறார். நாம் சிரிக்கிறோம், நம்மில் பலர் அப்படித்தான்.

செய்யத்தக்கவை என்ன என்று கேட்பீர்கள். பதவியில் மேலிருப்பவர் முதலில் வணங்கட்டும். இது கடினமானது, ஆகவேதான் இதை முதலில் சொல்கிறோம். புதிதாக ஒருவர் பணிக்கு வந்தால் முதல் நாளே அவரை உடன் அழைத்துச் சென்று பள்ளியிலும் நியாயவிலைக் கடையிலும் பால் சங்கத்திலும் அறிமுகம் செய்து வையுங்கள். குறை சொல்ல வேண்டியிருப்பின் தனியே அழைத்துச் சொல்லுங்கள். நாலு பேர் நடுவில் வேண்டா. உடன் பணிபுரிவோர் வீட்டில் சாவு நேர்ந்தால் துட்டி கேட்கத் தவறாதீர்கள். நல்ல காரியத்திற்குப் போகாததை மறப்பார்கள்; துட்டிக்குப் போகாததை மறக்க மாட்டார்கள். தொட்டியை மாதம் இருமுறை கழுவ ஏணியில் ஏறுகிறவரைக் கீழே நின்று "பாத்து எறங்குங்கண்ணே" என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள்.

உழவர்களுக்கும் ஒரு சொல். நடவுக்கும் திராட்சைக் கவாத்துக்கும் வாழைத்தார் வெட்டுக்கும் ஆள் கிடைப்பதில்லை என்று வருந்துகிறீர்கள். வருத்தம் நியாயமே. ஆனால் அதே பெண்கள் அண்டைத் தோட்டத்திற்கு மட்டும் தவறாமல் போவது ஏன்? கூலி இரண்டிலும் ஒன்றாகவே இருக்கிறது. அங்கே வரப்பில் ஏறியதும் "வாங்கம்மா, மொதல்ல டீயைக் குடிங்க" என்ற சொல் இருக்கிறது. குடிநீர்ப் பானையும் நிழலும் இருக்கின்றன. இதனை நீங்களே விசாரித்து அறியலாம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. இனிய சொல் கூலிக்கு ஈடாகாது. இரண்டு மாதச் சம்பளத்தைப் பாக்கி வைத்துவிட்டுக் காலையில் "என்னண்ணே, சௌக்கியமா?" என்று கேட்பது நலம் விசாரிப்பதாகாது, பரிகாசமாகும். காரியம் ஆகும் வரை வளைந்து கும்பிட்டு, ஆனபின் முகம் திருப்பும் வணக்கத்தையும் நாம் குறிக்கவில்லை. அத்தகைய வணக்கம் எங்கள் மேசைக்கு நாள்தோறும் வருகிறது. அதன் எடை எங்களுக்குத் தெரியும். உரிய கூலியை உரிய நாளில் கொடுத்துவிட்டுச் சொல்லும் வணக்கத்திற்குத்தான் ஒலி உண்டு.

மன்றத்தில் இருந்தவர்களும் இருப்பவர்களும் இனி வர எண்ணுபவர்களும் இங்கே இருக்கிறீர்கள். மதிய உணவுக்குப் பின் ஒரு படிவம் தரப்படும். உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் எத்தனை நாற்காலிகள் இருக்கின்றன, கூட்டத்திற்கு வருவோர் எத்தனை பேர், பணியாளர்கள் கூட்டத்தின்போது எங்கே அமர்கின்றனர் என்ற மூன்று கேள்விகளே அதில் உள்ளன. மே முதல் நாள் கிராம சபைக்கு முன் நிரப்பி ஒன்றிய அலுவலகத்திற்கு அனுப்புங்கள். நாற்காலி போதாத ஊராட்சிகள் எவ்வளவு வேண்டும் என்பதையும் குறித்து அனுப்பினால், வாங்குவதற்கான தீர்மானத்தின் வாசகத்தை இங்கிருந்தே எழுதித் தருகிறோம். வணக்கம்.